வாடைக்காற்றும் விண் பட்டமும்

மார்கழி மழை தணிந்து வாடைக்காற்று நிலைகொண்டதும், நெடுந்தீவின் வெளிகளிலும் ஊர்காவற்றுறைக் கரையிலும் பட்டங்கள் எழும். வானொலி நேயர்களே, இதனை வெறும் சிறுவர் விளையாட்டென்று தள்ளிவிடலாகாது.

யாழ்ப்பாணத்துப் பட்டத்திற்கு விண் என்றோர் உறுப்பு உண்டு. வளைத்த வில்லில் மெல்லிய நாரை இழுத்துக் கட்டிப் பட்டத்திற் பூட்டினால், காற்று அதனை அதிர்விக்க, அது இராமுழுவதும் கூவும். கொக்கு, பிராந்து, எட்டுமூலை எனப் பட்டங்கள் பல. காற்றின் வலுவறிந்தே அவற்றைத் தேர்தல் வேண்டும். முச்சை ஒரு விரற்கடை பிசகினாலும் பட்டம் குத்துக்கரணமடித்துக் கடலில் வீழும். இளமையில் எத்தனை பட்டங்களைக் கடலுக்குக் கொடுத்தேனோ!

ரைட் சகோதரர் இறக்கையை முறுக்கித் திருப்பும் உபாயத்தை 1899இல் ஒரு பட்டத்திலேயே சோதித்தனர். 1903இல் அவர்தம் விமானம் எழுந்தது.

வானொலியும் பட்டத்திற்குக் கடன்பட்டதே. 1901 டிசம்பர் 12ஆம் நாள், நியூபவுண்ட்லாந்தின் குன்றொன்றில் மார்க்கோனி வானலைக் கம்பியை உயர்த்த முயன்றார். முந்திய நாள் பலூனைக் காற்றுப் பறித்தது. அன்று முதற் பட்டமும் போயிற்று. இரண்டாவது பட்டம் கம்பியை ஏறக்குறைய 500 அடி தூக்கிற்று. அத்திலாந்திக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த மூன்று புள்ளி ஒலியைக் கேட்டதாக அவர் அறிவித்தார். அறிஞர் சிலர் அதனை ஐயுறுவர்; பட்டம் பறந்ததை ஐயுறுவாரில்லை.

இன்று சிறு மாதிரி விமானங்களை நூலின்றியே வானலை செலுத்துகின்றது. நம் சிறுவரோ கடைப்பட்டத்துடன் பள்ளிக்கு வருகின்றனர். முச்சை கட்டியவர் யாரென்றே நான் முதலில் வினவுகிறேன்.