பிரெத்தோனிஷெஸ் கோல்ட்
ஜெர்மானியப் பதிப்பாளர் யோர்க் போங், ஜான்-லுக் பனாலெக் என்னும் புனைபெயரில் எழுதி 2014இல் வெளியான துப்பறியும் நாவல். பாரிசிலிருந்து பிரான்சின் பிரித்தானிப் பகுதியிலுள்ள கொன்கார்னோ நகருக்கு மாற்றப்பட்ட காவல் ஆணையர் துய்பேன் துப்புத்துலக்கும் வரிசையில் இது மூன்றாவது. கதைக்களமான கெராந்து உப்பளங்களில், களிமண் பாத்திகளில் தேக்கிய கடல்நீர் வெயிலாலும் காற்றாலும் வற்ற, அடியில் படியும் சாம்பல்நிற உப்பை நீண்ட பலகைக் கோலால் வாரிக் குவிக்கும் தொழிலாளர், நீர்மேல் பாலாடைபோல் படரும் மெல்லிய படலத்தைத் தனியே வழித்தெடுப்பர். சமையற்கலைஞர் விரும்பும் விலையுயர்ந்த ‘உப்புப் பூ’ இதுவே. அப்பாத்திகளிடையே நீலப் பீப்பாய்கள் கிடப்பதாகப் பத்திரிகையாளர் ஒருவர் சொல்லக் கேட்டு அங்கு வரும் துய்பேன் சுடப்படுவதில் வழக்கு தொடங்குகிறது. கெராந்து வரலாற்றால் பிரித்தானியைச் சேர்ந்ததாயினும் நிர்வாகத்தால் வேறு மண்டலத்தில் அடங்குவதால், அவருக்கு அங்கு அதிகாரமில்லை என்பதே கதையின் சுவையான முடிச்சு. ஆணையரின் ஓயாத காபி மோகமும் உள்ளூர் உணவுகளும் அவ்வப்போது விசாரணையை நிறுத்திவைக்கின்றன. மர்மத்தைக் காட்டிலும் உப்பு விளையும் விதத்தைச் சொல்லும் பகுதிகளே நாவலில் வலுவானவை.