சந்தோஷ் ஹொனாவர்

சந்தோஷ் ஜி. ஹொனாவர் இந்தியக் கண் மருத்துவர், கண் புற்றுநோய் சிகிச்சை நிபுணர். குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய், கண்ணைத் தாண்டிப் பரவாமல் தடுக்கும் சிகிச்சை முறைகளுக்காக அறியப்படுகிறார்.

பின்னணி

ரெட்டினோபிளாஸ்டோமா ஏறத்தாழ 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வெளிப்படும். கண்ணின் பாப்பா வெள்ளையாக மின்னுவது முதல் அடையாளம். ஊர்வழக்கில் இதைப் பூனைக்கண் என்பார்கள். வலி இல்லாததால் பெற்றோர் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதுண்டு.

1809-ல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப் இந்நோயைத் தனி நோயாக விவரித்து, கண்ணை அகற்றினால் உயிரைக் காக்கலாம் என்றார். இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹென்றி ஸ்டல்லார்டு கதிரியக்கத் தகடுகளைக் கண்ணின்மேல் பொருத்திச் சிகிச்சை அளித்தார். இவர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றவர். 1990-களில் கீமோதெரபி முன்னிலைக்கு வந்தது. அதன்பின் பல குழந்தைகளின் கண்களை அகற்றாமலே குணப்படுத்த முடிந்தது.

கல்வி, மருத்துவப் பணி

ஹொனாவர் பெங்களூர் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தார். டெல்லி எய்ம்ஸில் கண் மருத்துவ மேற்படிப்பை முடித்தார். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள வில்ஸ் கண் மருத்துவமனையில் ஜெர்ரி ஷீல்ட்ஸ், கரோல் ஷீல்ட்ஸ் தம்பதியரிடம் கண் புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற்றார். பின்னர் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் கண் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றினார். அதன்பின் அதே நகரில் உள்ள சென்டர் ஃபார் சைட் மருத்துவமனைக்குச் சென்றார். இந்தியக் கண் மருத்துவ ஆய்விதழின் ஆசிரியராகவும் இருந்தார்.

ஆய்வுகள்

கண்ணை அகற்றிய பிறகும் சில குழந்தைகளுக்குப் புற்றுநோய் உடலின் வேறு பகுதிகளில் தலைகாட்டியது. அகற்றிய கண்ணை நுண்ணோக்கியில் பார்க்கையில், நோய் பார்வை நரம்பிலோ கண்ணின் வெளிப்படலங்களிலோ ஊடுருவியிருந்தால் இந்த ஆபத்து கூடுதல். அத்தகையோருக்குக் கீமோதெரபி பயன்படுமா என்பதை ஹொனாவரும் வில்ஸ் மருத்துவமனைக் குழுவினரும் ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டனர். ஆய்வில் இருந்த 80 பேரில், கூடுதல் சிகிச்சை பெறாத 34 பேரில் 8 பேருக்கு நோய் பரவியது. சிகிச்சை பெற்ற 46 பேரில் 2 பேருக்கே பரவியது. அகற்றிய கண்ணை முறையாகப் பரிசோதிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை இம்முடிவு உறுதிப்படுத்தியது.

நோய் கண்குழிக்குள் பரவிய நிலையில் வரும் குழந்தைகளை மேலைநாடுகளில் அரிதாகவே காணலாம். இந்தியாவில் அப்படி வருவோர் அதிகம். அவர்களுக்காக, முதலில் கீமோதெரபியால் கட்டியைச் சுருக்கி, பின் அறுவை செய்து, கதிர்வீச்சு கொடுத்து, மீண்டும் கீமோதெரபியைத் தொடரும் கூட்டுச் சிகிச்சை முறையை ஹொனாவர் வகுத்தார். கைவிடப்பட்டவர்களாகக் கருதப்பட்டவர்களில் சிலர் இதனால் பிழைத்தனர்.

விருது

2009-ல் மருத்துவ அறிவியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார்.

மதிப்பீடு

உயிர், கண், பார்வை என்ற வரிசையில் காப்பதே இத்துறையின் நெறி. ஆனால் மூன்றையும் காக்க முடிவது நோய் தொடக்கத்திலேயே கண்டறியப்படும்போதுதான். தமிழ்நாட்டில் திண்டுக்கல் சமவெளியை எடுத்துக்கொண்டால், திண்டுக்கல் நகரில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை உள்ளது. அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், 1976-ல் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய மதுரை அரவிந்த் மருத்துவமனையில் கண் புற்றுநோய்க்குச் சிகிச்சை உண்டு. நத்தத்திலோ வேடசந்தூரிலோ ஒரு தாய் குழந்தையின் கண்ணில் வெள்ளை மினுமினுப்பைக் கண்டு அன்றே புறப்பட்டால் தூரம் பெரிதல்ல. ஹொனாவரின் முறைகள் தாமதமாக வந்தவர்களுக்கும் வழி திறந்தன. தாமதமே நேராமல் தடுப்பது வீட்டில் இருப்பவர்களின் கையில் உள்ளது.