அகதியாய்ப் பிறந்த பிரபு

1539 டிசம்பர் 27. எட்டாம் ஹென்றியை மணப்பதற்காக ஜெர்மனியிலிருந்து புறப்பட்டு வந்த கிளீவ்ஸ் இளவரசி ஆன், இங்கிலாந்தின் டீல் கடற்கரையில் இறங்கினாள். குளிரில் காத்திருந்து அவளை வரவேற்றவர்களில் முதன்மையானவர்கள் சஃபோக் கோமகன் சார்லஸ் பிராண்டனும் அவருடைய இருபது வயது மனைவி கேத்தரினும். ஆனின் கல்யாணம் ஆறே மாதத்தில் முறிந்தது. வரவேற்கப் போன கேத்தரினின் கதையும் அவர் பெற்ற மகனின் கதையும்தான் இங்கே நாம் பார்க்கப்போவது.

கேத்தரின் வில்லபி ஏழு வயதில் தந்தையை இழந்தவர். லிங்கன்ஷயர் சீமையின் பரந்த நிலங்களுக்கும் வில்லபி டி எரஸ்பி என்ற பழம்பெரும் பட்டத்துக்கும் ஒரே வாரிசு. டியூடர் காலத்தில் இப்படிப்பட்ட சிறுமியின் பாதுகாவலர் பொறுப்பை அரசன் விலைக்கு விற்பான். வாங்குபவர் அவளுடைய நிலத்தின் வருமானத்தை அனுபவிக்கலாம், தன் விருப்பப்படி அவளுக்குக் கல்யாணமும் செய்து வைக்கலாம். கேத்தரினின் பொறுப்பை வாங்கியவர் பிராண்டன். தம் மகனுக்கு மணமுடிக்கத்தான் முதலில் நினைத்தார். 1533இல் மனைவி இறந்ததும், சில மாதங்களிலேயே தாமே அவளை மணந்துகொண்டார். அவருக்கு ஏறக்குறைய ஐம்பது வயது, அவளுக்குப் பதினான்கு. பிரபு குலத்துப் பெண் என்றால் நிலத்தோடு சேர்த்துக் கைமாறும் சொத்து என்பதே அன்றைய நியாயம். அந்த நியாயத்தின் கொடுமையை நாம் மழுப்ப வேண்டியதில்லை.

1545இல் பிராண்டன் இறந்தார். 1551 ஜூலையில் இங்கிலாந்தைத் தாக்கிய வியர்வைக் காய்ச்சல், கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த கேத்தரினின் இரண்டு மகன்களையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போனது. மூத்தவன் இறந்து ஒரு மணி நேரத்துக்குள் இளையவனும் போனான். அந்தச் சிறு இடைவெளியில் சஃபோக் கோமகன் பட்டம் அவனுடையதாக இருந்தது.

துக்கத்திலிருந்து மெல்ல மீண்ட கேத்தரின், தம் வீட்டில் உத்தியோகம் பார்த்த ரிச்சர்ட் பெர்ட்டி என்பவரை மணந்தார். இந்த முறை மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தது அவரே. பெர்ட்டி நன்கு படித்தவர், பல மொழி தெரிந்தவர். பிரபுப் பட்டம் ஏதும் இல்லாதவர்.

1553இல் எட்டாம் ஹென்றியின் மூத்த மகள் மேரி அரியணை ஏறினாள். கேத்தரினின் தாய் மரியா டி சலினாஸ் ஸ்பெயின்காரப் பெண்மணி. மேரியின் தாயான அரகான் கேத்தரினுக்குக் கடைசி மூச்சுவரை துணை நின்ற தோழி. மகளுக்குக் கேத்தரின் என்று பெயர் வந்ததே அந்த அரசியை நினைத்துத்தான். ஆனால் இரு தோழியரின் மகள்களும் எதிரெதிர்க் கரையில் நின்றார்கள். மேரி கத்தோலிக்க மதத்தை மீட்கத் துடித்தாள். கேத்தரினோ புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக் கட்சியின் தூண். ஹியூ லாட்டிமர் போன்ற போதகர்கள் அவருடைய கிரிம்ஸ்தார்ப் மாளிகையில் பிரசங்கம் செய்து வந்தார்கள். வாய்த்துடுக்கும் அவருக்கு அதிகம். வின்செஸ்டர் பிஷப் ஸ்டீபன் கார்டினர் மேல் இருந்த வெறுப்பில், தம் நாய்க்குக் கார்டினர் என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார். பிஷப்பின் அங்கியைப் போல ஒரு துணியையும் அதற்கு மாட்டி ஊரைச் சிரிக்க வைத்தார். அதே கார்டினர் இப்போது நாட்டின் சான்சலர்.

1554இல் பெர்ட்டியைக் கூப்பிட்டு விசாரித்த கார்டினர், பழைய கடன் பாக்கியில் ஆரம்பித்து நாய் விவகாரம்வரை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். இனி இங்கே இருந்தால் ஆபத்து என்று பெர்ட்டிக்குப் புரிந்தது. காலஞ்சென்ற கோமகனுக்கு ஜெர்மானியச் சக்கரவர்த்தி தர வேண்டிய பணத்தை வசூலிக்கப் போவதாகச் சொல்லி, வெளிநாடு செல்ல அனுமதி வாங்கி, அவர் முன்னதாகவே கிளம்பிவிட்டார்.

1555 புத்தாண்டு நாள். விடியற்காலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே லண்டன் பார்பிகன் மாளிகையிலிருந்து கேத்தரின் நழுவினார். ஒரு வயது மகள் சூசனும் ஆறு வேலைக்காரர்களும் கூட வந்தார்கள். குதிரைக்காரர், தச்சர், பீர் காய்ச்சுபவர், சமையலறை விதூஷகர், ஒரு தோழி, ஒரு சலவைக்காரி. யார் யார் வருவார்கள் என்பது பெரும்பாலான வேலைக்காரர்களுக்குக்கூடத் தெரியாது. சத்தம் கேட்டு விழித்த காவலாளி தீப்பந்தத்தோடு வெளியே வந்தான். குழந்தையின் துணிமூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டு எல்லோரும் இருட்டில் மறைந்தார்கள். மூட்டையில் என்ன இருக்கிறது என்று அவன் குடைந்துகொண்டிருந்த நேரம் அவர்களைக் காப்பாற்றியது. மூடுபனியில் தேம்ஸ் நதியில் படகேறும்போது கேத்தரின் ஒரு வியாபாரியின் மனைவியைப் போல உடுத்தியிருந்தார்.

இந்த விவரங்களெல்லாம் ஜான் ஃபாக்ஸ் எழுதிய மாபெரும் தியாகிகள் வரலாற்றின் 1570ஆம் ஆண்டுப் பதிப்பில் வருகின்றன. பெர்ட்டியே சொல்லி எழுத வைத்திருக்க வேண்டும் என்று நம்ப இடமிருக்கிறது. நேரில் பட்டவரைத் தவிர வேறு யாருக்கு மூட்டையும் தீப்பந்தமும் நினைவிருக்கும்?

கடல் கடந்த பின் கணவனும் மனைவியும் கிளீவ்ஸ் நாட்டின் சாண்டன் நகரில் பெயரை மறைத்து வாழ்ந்தார்கள். ஆனின் தம்பி வில்லியம் ஆண்ட நாடு அது. ரைனுக்கு அக்கரையில் வேசல் என்ற வணிக நகரம். அங்கே பிரெஞ்சு பேசும் வாலூன் அகதிகளின் போதகராக இருந்த பிரான்சுவா பெருசெல் முன்பு லண்டனில் இருந்தவர், கேத்தரினின் உதவியைப் பெற்றவர். நகரசபையிடம் இவர்களுக்காகத் தஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் சாண்டனில் சந்தேகம் கிளம்பிவிட்டது. பிப்ரவரி மாதத்து ஒரு பிற்பகலில், வண்டி பேசினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, உலாவப் போகிறவர்கள்போல் நடந்தே கிளம்பினார்கள். மழை கொட்டியது. உறைபனி உருகிப் பாதையெல்லாம் சேறு. குழந்தையைப் பெர்ட்டி தூக்கிக்கொண்டார். அவருடைய மேலங்கியையும் வாளையும் கோமகள் சுமந்தார்.

இருட்டிய பிறகு வேசலை அடைந்தார்கள். எந்த விடுதியிலும் இடமில்லை. ஊர் சுற்றும் கூலிப்படைச் சிப்பாய், அவன் இழுத்துக்கொண்டு திரியும் பெண் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. கோமகளும் அழுதார். அன்றிரவைப் புனித வில்லிபிரோர்ட் தேவாலயத்தின் வாசல் மண்டபத்திலேயே கழித்துவிடலாம், கரியும் வைக்கோலும் வாங்கி வருகிறேன் என்று பெர்ட்டி தெருவில் இறங்கினார். உள்ளூர் மொழி அவருக்கு அவ்வளவாக வராது. வழியில் இரண்டு பையன்கள் லத்தீனில் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. உடனே லத்தீனிலேயே வழி கேட்டார். வாலூன்காரர் ஒருவரின் வீட்டுக்கு அவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே இரவு விருந்தில் உட்கார்ந்திருந்தவர் அதே பெருசெல்! வாசலில் சேறு அப்பி நின்ற குடும்பத்தைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சே வரவில்லை. வீட்டுக்காரர்கள் உடனே மாற்றுத்துணி கொடுத்தார்கள். சில நாளில் வாடகைக்கு ஒரு வீடும் கிடைத்தது. அந்நியர்களை விரட்டிய விடுதிக்காரர்களை வேசலின் போதகர்கள் மேடையிலேயே கண்டித்தார்கள்.

அந்த ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, அதே ஊரில் கேத்தரினுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தேவாலய வாசல் மண்டபத்திலேயே பிறந்தான் என்று பின்னால் ஒரு கதை பரவியது. அது சரியில்லை. மண்டபத்து இரவு பிப்ரவரியில், பிரசவம் அக்டோபரில். அந்நிய மண்ணில் கிடைத்த ஆறுதல் என்பதால் லத்தீனில் பரதேசத்தான் என்று பொருள்படும் பெரெக்ரின் என்ற பெயரை வைத்தார்கள். குழந்தை பிறந்த நான்காம் நாள், ஆக்ஸ்ஃபோர்டில் லாட்டிமரை உயிரோடு எரித்தார்கள். பிறந்து சரியாக ஒரு மாதத்தில் கார்டினர் நோயில் இறந்தார். மேரியின் ஐந்தாண்டு ஆட்சியில் சுமார் 280 பேர் லாட்டிமரைப் போல எரிக்கப்பட்டார்கள். நாட்டை விட்டு ஓடியவர்கள் ஏறத்தாழ 800 பேர். வேசல், பிராங்க்ஃபர்ட், ஸ்டிராஸ்பர்க் என்று ஜெர்மானிய நகரங்கள் பல அவர்களுக்கு இடம் கொடுத்தன.

வேசலிலும் நிலைக்க முடியவில்லை. பிடிக்க ஆள் வருவதாக எச்சரிக்கை வந்ததும் 1556 வசந்தத்தில் தெற்கே நகர்ந்தார்கள். பலட்டினேட் ஆட்சியாளர் ஓட்டோ ஹென்றி தம் வைன்ஹைம் கோட்டையைக் குடியிருக்கக் கொடுத்தார். மேரியின் ஆணையோடு ஜான் பிரெட் என்ற தூதன் அங்கே தேடி வந்தான். கோமகளின் ஆட்கள் மேலிருந்து கல்லெறிந்து துரத்தினார்கள். ஆணையைக் கொடுக்காமலே அவன் திரும்ப வேண்டியதாயிற்று. கைக்காசு கரைந்த நிலையில் போலந்து மன்னரின் அழைப்பு வந்தது. 1557இல் பிராங்க்ஃபர்ட் வழியாகப் போகும்போது பெர்ட்டியின் நாயை முன்னிட்டு ஒரு படைத்தலைவனோடு தகராறு மூண்டு வாள்சண்டையாகிவிட்டது. தலைவன் செத்தான் என்ற வதந்தியில் ஊரே திரண்டது. ஒரு வீட்டு ஏணியில் ஏறிப் பரணில் நின்று பெர்ட்டி தற்காத்துக்கொண்டார். மறுநாள் எர்பாக் பிரபு வந்து கேத்தரினுக்கு மரியாதை செய்ததைப் பார்த்த பிறகுதான், தாங்கள் வளைத்தது யாரை என்று ஊர்க்காரர்களுக்கு விளங்கியது.

அதே மன்னரின் ஆட்சியிலிருந்த லிதுவேனியாவின் சமோகித்தியப் பகுதியில் அவர் கொடுத்த நிலத்தில் வாழ்ந்துவிட்டு, எலிசபெத் அரசியான பிறகு 1559இல் ஊர் திரும்பினார்கள். வெளிநாட்டில் பிறந்ததால் பெரெக்ரினுக்கு இங்கிலாந்துக் குடியுரிமையை அரசாணை போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. எலிசபெத்தின் அமைச்சர் வில்லியம் செசிலின் வீட்டில் வளர்ந்து, ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் தங்கை மேரி டி வேரை மணந்தான். 1580இல் தாய் இறந்ததும் வில்லபி பிரபு ஆனான்.

இனி அவர் வாழ்க்கை வேகமாக ஓடுகிறது. 1582இல் டென்மார்க் மன்னருக்கு இங்கிலாந்தின் கார்ட்டர் விருது சூட்டும் தூதர். 1586இல் நெதர்லாந்தில் ஸ்பெயினுக்கு எதிரான சுட்ஃபென் போர்க்களம். கவிஞர் பிலிப் சிட்னி காயம்பட்டு வீழ்ந்த அதே சண்டையில், எதிரிக் குதிரைப்படைத் தலைவன் ஒருவனைச் சிறைபிடித்தார். 1587 இறுதியில் நெதர்லாந்தில் இங்கிலாந்துப் படைக்கே தலைமை. மறு ஆண்டு ஸ்பெயினின் அர்மாடாக் கடற்படை தோற்றுப்போன பிறகு, ஸ்பானியத் தளபதி பார்மா கோமகன் பெர்கன் ஓப் சோம் கோட்டையை வளைத்தார். வில்லபி அதைக் காத்து நின்றார், நவம்பரில் பார்மா பின்வாங்கினார். 1589இல் 4,000 பேரோடு பிரான்சின் நான்காம் ஹென்றிக்குத் துணை போனார். எதிரியைவிட நோயும் பசியுமே அவருடைய ஆட்களை அதிகம் கொன்றன. சிப்பாய்களின் சம்பளத்துக்காக மன்றாடிக் கடிதம்மேல் கடிதம் எழுதியவர், தம் கைப்பணத்தையும் கொட்டிக் கடனாளியானார். அரசவையில் குனிந்து காரியம் சாதிக்கத் தெரியாதவர் என்றே பேரெடுத்தார். சேறு அப்பிய தாய்க்குப் பிறந்த பிள்ளை, அந்தப் படாடோபத்தில் ஒட்டாமல் போனது இயல்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள பெரிக் கோட்டையின் ஆளுநராக இருந்தபோது 1601 ஜூன் 25இல் இறந்தார். லிங்கன்ஷயரின் ஸ்பில்ஸ்பி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1680இல் தூதராக ஜெர்மனி போன கொள்ளுப்பேரன் சார்லஸ் பெர்ட்டி, வேசல் தேவாலயத்தில் அவர் பிறப்பை நினைவுகூரும் கல்வெட்டு ஒன்றை வைத்தார்.

அகதிகளை ஏற்றதற்காகவே வேசலுக்குப் பெயர் கிடைத்தது. நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து தப்பி வந்தவர்கள் நன்றியாக 1578இல் அந்நகருக்கு வெள்ளிக் கோப்பைகள் பரிசளித்தார்கள். 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் ஊர் ஏறக்குறைய முழுதும் அழிந்தது. வில்லிபிரோர்ட் தேவாலயத்தைப் பல பத்தாண்டுகள் உழைத்துத் திரும்பக் கட்டினார்கள். வேசல் இருக்கும் நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தில்தான் ஈழத்திலிருந்து தஞ்சம் தேடிப் போன தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். அவர்கள் எழுப்பிய ஹாம் காமாட்சி அம்பாள் கோயிலிலிருந்து அந்தத் தேவாலயம் நூறு கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. அங்குள்ள வாசகர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்.