மெய் தேய்ந்து மிகையான கதை

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் குழந்தையின் காதில் முதலில் விழும் சொற்களுள் ஒன்று 'வெரி'. 'வெரி குட்' என்பதில் அதற்கு 'மிக' என்பதைத் தாண்டிப் பொருளில்லை. ஆனால் அச்சொல் பிறந்தபோது அதன் பொருள் மிகுதி அன்று, மெய்.

இலத்தீனில் 'வேருஸ்' என்றால் உண்மையான என்று பொருள். அதன் வழிவந்தது பழைய பிரெஞ்சின் 'வெரய்'. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், அவர்கள் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் புகுந்த எண்ணற்ற சொற்களோடு இதுவும் வந்தது, பெயரடையாகவே வந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர், 'கேன்டர்பரி கதைக'ளின் பாயிரத்தில் தம் வீரப்பெருமகனை அறிமுகம் செய்கையில், 'நிறைவான' என்னும் பொருளுடைய சொல்லுக்கு முன் இதை வைக்கிறார். 'மெய்யான, நிறைவான' என்பதே அவர் கருத்து. இன்று படிப்பவரோ 'மிக நிறைவான' என்று கொண்டுவிடுகிறார்.

மொழி வரலாற்றில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. அடுத்தடுத்து நின்ற இரு அடைகளில் முன்னது பெயரை விட்டுப் பின்னதைத் தழுவிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் இப்புதிய பயன்பாடு வேரூன்றிவிட்டது. இன்றும் 'வெரி' வினையை நேரே தழுவாது. 'மச்' போன்ற துணை வேண்டும். பழைய இருக்கையை அது மறக்கவில்லை போலும்.

மெய்ப்பொருளின் எச்சங்கள் சில உண்டு. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் வரும் 'வெரிலி', நம் விவிலியத்தில் 'மெய்யாகவே' என்று நிற்கிறது. 'தி வெரி மேன்' என்பதில் அச்சொல் செய்யும் வேலை, தமிழில் 'அவனே' என்னும் தேற்றேகாரம் செய்யும் வேலை.

'வெரி'க்கு முன்பும் அவ்விடத்தில் சொற்கள் இருந்தன. பழைய ஆங்கிலத்தின் 'ஸ்வீதே' முதலில் 'வலிமையாக' என்று பொருள்பட்டது. மிகுதி குறித்துத் தேய்ந்து, 'விரைவாக' என்றாகி, வழக்கொழிந்தது. பின்வந்த 'ரைட்', இன்றைய பொது ஆங்கிலத்தில் 'ரைட் ஆனரபிள்' போன்ற பட்டங்களில் உறைந்து நிற்கிறது.

ஏன் இந்தத் தேய்வு? கேட்பவர் நம்ப வேண்டும் என்பதற்காக அழுத்தம் தருகிறோம். எல்லாவற்றுக்கும் அழுத்தம் தந்தால் எதற்கும் அழுத்தமில்லை. உடனே புதுச்சொல் தேவைப்படுகிறது. இங்கிலாந்தின் யார்க் நகரப் பேச்சை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வொன்று, முதியோர் 'வெரி'யை நாட, இளையோர் 'ரியலி'யை நாடுவதைக் காட்டியது. 'ரியலி'யின் மூலப்பொருளும் 'உண்மையில்' என்பதே! மீண்டும் உண்மையிடமே கடன்.

கடன் வாங்கிய மிகைக்கு இழப்பேதுமில்லை. இழந்தது 'வெரி'தான்: ஒன்றை மெய்யென்று சொல்ல விரும்பும் ஆங்கிலேயருக்கு, மெய்யிலிருந்தே பிறந்த அச்சொல் இன்று உதவுவதில்லை.