ஒரு டாலர் பாலம்

நியூயார்க் மாநிலத்தின் போகிப்சி நகரத்தை ஹட்சன் ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள ஹைலண்டோடு சேர்க்கும் நடைபாலம் 2009 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. ஹென்றி ஹட்சன் அந்த ஆற்றில் கப்பலோட்டி வந்த 400ஆவது ஆண்டு அது. நீளம் 6,768 அடி, நீர்மட்டத்திலிருந்து உயரம் 212 அடி. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும் மட்டுமே இடம். செலவான தொகை ஏறத்தாழ 3 கோடியே 90 லட்சம் டாலர். அரசு நிதியும் டைசன் அறக்கட்டளையின் உதவியும் இல்லாமல் அது திரண்டிருக்காது. அதனால் இதை அரசும் அறக்கட்டளையும் கொடுத்த பாலம் என்று சொல்பவர்கள் உண்டு. வரவு செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் பணம் வந்து சேர்ந்த நாளில் பாலம் ஏன் இன்னும் நின்றுகொண்டிருந்தது, யார் கையில் இருந்தது என்று கேட்டால் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது.

இது ரயிலுக்காகப் பிறந்த பாலம். 1873இல் தொடங்கிய வேலை அந்த ஆண்டின் நிதி நெருக்கடியில் நின்றது. மறுபடி தொடங்கி மறுபடி நின்று, 1889இல்தான் முறையாகப் போக்குவரத்துக்கு வந்தது. ஆல்பனிக்கும் நியூயார்க் நகருக்கும் நடுவே ஹட்சனைக் கடக்க அப்போது வேறு பாலமே இல்லை. பென்சில்வேனியாவின் நிலக்கரி நியூ இங்கிலாந்துக்கு இதன் மீதுதான் போனது. 1974 மே 8 அன்று தண்டவாளத்தின் கட்டைகள் தீப்பற்றின. உருக்குச் சட்டகம் நின்றது. ஆனால் பாலத்தை வைத்திருந்த பென் சென்ட்ரல் நிறுவனம் ஏற்கெனவே திவாலாகியிருந்தது, பழுது பார்க்க அதற்கு மனமும் இல்லை, பணமும் இல்லை. அடுத்து வந்த கான்ரெயில் 1984இல் பாலத்தைத் தனியார் ஒருவருக்கு விற்றது. விலை 1 டாலர். தாராளம் என்று நினைக்க வேண்டாம். தலைவலியைக் கை மாற்றிவிட்ட விலை அது. இடிக்கும் செலவும் விபத்துப் பொறுப்பும் யார் தலையில் விழும் என்பதே அன்று எல்லோர் கவலையும்.

1992இல் பில் செப்பே என்ற உள்ளூர்க்காரர் தொடங்கிய இயக்கம் கேள்வியையே மாற்றியது. இதன் மேல் ஏன் நடக்கக்கூடாது என்று கேட்டது. கடன் வேண்டாம், அரசுப் பணம் வேண்டாம், ஊர்க்காரர்கள் கைவேலையாகவே முடிக்கலாம் என்பது அவர் பிடிவாதம். 1998இல் பாலத்தின் உரிமையே அந்த அமைப்புக்கு வந்தது. இரண்டு கிலோமீட்டர் நீளப் பாலத்தைத் தன்னார்வலர்களை வைத்தே முடித்துவிட முடியும் என்று நம்பியது பிழை. 2004இல் ஃபிரெட் ஷேஃபர் தலைமைக்கு வந்து பொது நிதியைத் தேடிய பிறகே வேலை வேகம் பிடித்தது. அப்படியானால் முந்தைய ஆண்டுகள் வீண்தானே என்று கேட்கலாம். இல்லை. கேட்பாரற்றுக் கிடந்த சொத்துக்கு யாரும் நிதி ஒதுக்க மாட்டார்கள். உரிமைப் பத்திரமும், ஊரார் மனத்தில் ஊன்றிவிட்ட ஒரு படமும் அந்த மெதுவான ஆண்டுகளில் சேர்ந்த முதல். பின்னால் வந்த கோடிகள் அதன் மேல்தான் நின்றன. பிடிவாதக்காரர் மட்டுமே இருந்திருந்தால் பாலம் முடிந்திருக்காது. நிதி திரட்டத் தெரிந்தவர் மட்டுமே இருந்திருந்தால் முடிக்க ஒரு பாலம் கிடைத்திருக்குமா என்பதும் சந்தேகம்.

உல்லாசப் பயணிகளுக்காக யானையைக் கட்டித் தீனி போடுகிறார்கள் என்ற குறையிலும் பாதி உண்மை இருக்கிறது. காட்சி பார்க்க வருபவர்களே அதிகம். ஆனாலும் பாலத்தின் இரு முனைகளிலும் பழைய ரயில் தடங்களில் அமைந்த சைக்கிள் பாதைகள் வந்து சேர்கின்றன. 2014இல் போகிப்சி பக்கம் மின்தூக்கி வைத்த பிறகு ஆற்றங்கரையிலிருந்தும், அருகிலுள்ள ரயில் நிலையத்திலிருந்தும் நேராக மேலே ஏறலாம். இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு: சற்றே தெற்கில் 1930 முதல் நிற்கும் மிட்-ஹட்சன் சாலைப் பாலத்தில் ஏற்கெனவே நடைபாதை இருக்கிறதே, இன்னொன்று எதற்கு? வண்டிகளின் இரைச்சலுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நடப்பதும் ஆற்றின் மேல் தன் போக்கில் நடப்பதும் ஒன்றல்ல. அதோடு, ஒரே பாலம் என்றால் போன வழியே திரும்ப வேண்டும். இப்போது அங்கே நடக்க வருபவர்கள் ரயில் பாலத்தில் போய், சாலைப் பாலத்தில் திரும்பி, ஒரு சுற்று முடித்து வீடு போகிறார்கள்.