கொடும்பாளூர் மூவழியும் வயிற்றின் செய்திகளும்

உறையூர் கடந்து மதுரைக்கு நடந்த கோவலனிடம், கொடும்பாளூர்க் குளத்தருகே வழி மூன்றாகப் பிரியும் என்று மாங்காட்டு மறையவன் கூறுவதாகச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. திருச்சி–மதுரைச் சாலையில் அவ்வூரைக் கடக்குந்தோறும் நமக்கு வேறொரு மூவழியும் நினைவுக்கு வரும். உண்ட உணவைப் பற்றிய செய்தி வயிற்றுக்குள் செல்லும் வழிகளும் மூன்றே.

ஈர்த்தல், தாங்குதல், செரித்தல், தள்ளுதல் என நான்கு ஆற்றல்களை இப்னு சீனா தம் ‘அல்-கானூன்’ நூலில் வகுத்தார். அவ்வாற்றல்களை ஏவுவது எது? நரம்பு என்றார் ருஷ்ய அறிஞர் பாவ்லோவ். 1904இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அதற்கு முன்பே, 1902 ஜனவரியில், லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் ஒரு நாயின் சிறுகுடல் துண்டொன்றின் நரம்புகளை அறுத்துவிட்டு, அதில் அமிலத்தை விட்டனர். கணையநீர் சுரந்தது! குடலின் உட்தோலைச் சுரண்டி, அமிலத்தில் அரைத்து, இரத்தத்தில் செலுத்தினர், அப்போதும் சுரந்தது. ‘செக்ரடின்’ என்று அதற்குப் பெயரிட்டனர். இது இரத்த வழி.

மூன்றாவது வழி, அண்டை வீட்டுக்குச் சுவர் வழியே குரல் கொடுப்பது போன்றது. ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தைப் பெருக்கும் என்பதைப் போபியல்ஸ்கி 1920இல் வெளியிட்டார். இரைப்பையின் சில உயிரணுக்களே அதனைக் கசியவிட்டுப் பக்கத்து அணுக்களை அமிலம் சுரக்கத் தூண்டுகின்றன. அமிலம் மிகுந்தாலோ, சோமடோஸ்டாட்டின் என்னும் பொருள் கசிந்து அருகிலேயே கடிவாளம் போடுகின்றது. ஹிஸ்டமினின் கதவை அடைக்கும் வழியை ஜேம்ஸ் பிளாக் 1972இல் காட்டினார். அறுவையன்றி வேறு போக்கற்றிருந்த குடற்புண் நோயாளர் பலர் அதனால் பிழைத்தனர்.

இரைப்பையைக் காக்கும் அண்டையாரும் உளர். புரோஸ்டாகிளாண்டின் என்பவை சளிப்படலத்தை வளர்த்து, அமிலத்தினின்று உட்சுவரைக் காப்பன. ஆஸ்பிரின் இவற்றின் உற்பத்தியைத் தடுக்கும் என ஜான் வேன் 1971இல் கண்டார். முழங்கால் வலிக்கு நாம் மாதக்கணக்கில் விழுங்கிய மாத்திரையும் அவ்வினத்ததே. உணவுக்குப்பின் உண்டால் தீங்கில்லை என்றிருந்தோம். அது இரத்தத்தில் கலந்தும் அவ்வேலையைச் செய்யும் என்பதை அறியோம். ஒருநாள் மலம் தார்போல் கறுத்தது. உள்ளே குருதி கசிகின்றது என்றார் மருத்துவர். அம்மாத்திரையை அன்றே நிறுத்தி, அமிலம் குறைக்கும் மருந்தெழுதித் தந்தார். முழங்கால் இன்னும் வலிக்கத்தான் செய்கின்றது.