கை நிற்கக் கூடாது

போட்டோஷாப்பில் டாட்ஜ் கருவியின் அடையாளத்தைப் பாருங்கள். குச்சியின் நுனியில் ஒரு கறுப்பு வட்டம். என் மகள் அதைக் குச்சி மிட்டாய் என்பாள். எனக்கு அது அண்ணாச்சியின் கம்பி.

1983இல் திருநெல்வேலியில் ஒரு ஸ்டுடியோவில் அண்ணாச்சியிடம் டார்க் ரூம் வேலைக்குச் சேர்ந்தேன். நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் என்லார்ஜர் பக்கத்தில், ஆணியில் அந்தக் கம்பி தொங்கும். நுனியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு அட்டை ஒட்டியிருக்கும். வெளிச்சம் படப்படக் காகிதம் கறுக்கும். அதனால், கல்யாண மாப்பிள்ளையின் முகம் இருட்டாக விழும்போல இருந்தால், அண்ணாச்சி அட்டையால் அந்த இடத்துக்குச் சில விநாடி நிழல் கொடுப்பார். முகம் தெளியும். அது டாட்ஜ். வேட்டியின் மடிப்புகள் வெளிறிப்போனால் கைகளைக் குவித்து, நடுவே சிறு துளை விட்டு, வேட்டிக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டுவார். அது பர்ன். அந்தக் குவிந்த கைதான் இன்று திரையில் பர்ன் கருவியின் அடையாளம்.

"கைய நிறுத்தாத தம்பி. நின்னா வரம்பு விழுந்திரும்" என்பார்.

இந்தக் கைகள் கணினிக்குள் போனதற்கு ஒரு வீட்டுக் கதை உண்டு. போட்டோஷாப்பை எழுதிய தாமஸ் நோல், அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், தன் தந்தை கிளென் நோல் வீட்டில் வைத்திருந்த டார்க் ரூமில் பிரிண்ட் போடக் கற்றவர். அவரும் தம்பி ஜானும் உருவாக்கிய மென்பொருள் 1990இல் அடோபி வழியாக வெளிவந்தது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸும் இந்தக் கை வேலையைச் செய்தவர்தான். 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவுப் படத்தை ஆண்டுக்கணக்கில் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். காலம் போகப் போக அதன் வானத்தைப் பர்ன் செய்து மேலும் இருட்டாக்கினார். அண்ணாச்சி செய்ததும் அதே தொழில்தான்.

இன்று ஒரே சொடுக்கில் வரும் செபியாவுக்கு அன்று இரண்டு குளியல். முதல் தட்டில் படம் ஏறக்குறைய மறைந்துபோகும், வயிறு கலங்கும். அடுத்த தட்டில், அழுகிய முட்டை நாற்றத்தோடு, பழுப்பாய்த் திரும்பி வரும். வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறிய படம் மங்காமல் நெடுநாள் இருக்கும். பாட்டியின் முகம் பேரன் காலம்வரை நிற்க வேண்டும் என்றுதான் அந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டோம்.

இன்று மென்பொருளில் தூவும் கிரெய்னும் பிலிமிலிருந்து வந்ததுதான். பிலிமில் வெள்ளித் துகள்கள் சேர்ந்தும் விலகியும் கிடக்கும் கோலம் அது. மங்கிய வெளிச்சத்துக்கு வேகமான பிலிம் போட்டால் துகள் பெருக்கும். பிரிண்டில் நடுச் சாம்பலில்தான் அது நன்றாகத் தெரியும். தூய வெள்ளையிலும் அடர்கறுப்பிலும் அடங்கிவிடும். மென்பொருளில் படம் முழுக்க ஒரே சீராகக் கிரெய்ன் தூவினால், மேலே மணல் கொட்டியதுபோல் ஒட்டாமல் நிற்பது இதனால்தான்.

போன வாரம் மகள் தன் ஆச்சியின் படத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரே இடத்தை டாட்ஜால் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது.

"கைய நிறுத்தாதம்மா, வரம்பு விழுந்திரும்" என்றேன்.

மவுஸைப் பிடித்த அவள் கை மெல்ல அசையத் தொடங்கியது.